வேப்பிலை கட்டும் முன்பே

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் குஞ்சு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அதன் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விழுந்துவிடும். எல்லாம் வெள்ளைக்கழிச்சலுக்குப் பயந்துதான். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் என்று சொல்லும் அந்த நோய் புகுந்தால் கொட்டகையே காலி என்பது பண்ணைக்காரருக்குத் தெரியும். அதனால் தேதி தப்புவதில்லை. அந்த நோயின் வைரஸுக்கு மனிதர்களிடையே ஒரு பங்காளி உண்டு: தட்டம்மை. இரண்டும் பாராமிக்சோ என்ற ஒரே வைரஸ் குடும்பம்.

மாட்டிடம் இருந்தது இன்னும் நெருங்கிய உறவு. நம் தாத்தாக்கள் காலத்தில் கட்டுத்தறிகளை வெறுமையாக்கிய வெக்கை நோயின் வைரஸும் தட்டம்மை வைரஸும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை. 1912-இல் பெர்லினில் தட்டம்மை கண்டு இறந்த ஒரு குழந்தையின் நுரையீரலை அங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு அதிலிருந்த வைரஸின் மரபெழுத்துகளைப் படித்த ஆய்வாளர்கள், இந்தப் பாகப்பிரிவினை கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கலாம் என்று 2020-இல் கணக்கிட்டார்கள். வெக்கை நோயைத் தடுப்பூசி ஒழித்துவிட்டது; 2011-இல் உலகமே அதை அறிவித்தது. தட்டம்மையோ 2023-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,07,500 உயிர்களைக் கொண்டுபோனது.

இவ்வளவையும் செய்யும் தட்டம்மை வைரஸின் மொத்த மரபுக் குறிப்பு 15,894 எழுத்துகள்தான். ஒரு வார இதழின் சில பக்கங்களில் அடங்கிவிடும். மரபணுக்கள் வெறும் ஆறு. ஆனால் அதன் பயணத் திட்டம் அபாரமானது. மூச்சோடு உள்ளே போன வைரஸ், நுரையீரலில் காவல் காக்கும் நோய் எதிர்ப்புச் செல்களையே முதலில் பிடிக்கிறது. அவற்றின் மேல்தான் அதற்கேற்ற 'ஏற்பி', அதாவது வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதம், இருக்கிறது. காவல் செல்கள் அதை நிணநீர் முடிச்சுகளுக்குச் சுமந்து போகின்றன. அங்கே பெருகி, ரத்தத்தில் கலந்து, உடலெல்லாம் சுற்றிய வைரஸ் கடைசியில் மூச்சுக்குழாய்க்குத் திரும்புகிறது. இம்முறை உட்பக்கத்திலிருந்து, வேறோர் ஏற்பியைப் பிடித்து. ஒவ்வோர் இருமலும் அதை வெளியே அனுப்பிவைக்கிறது.

நுழைந்து சுமார் பத்து நாளில் காய்ச்சல், சளி, இருமல், சிவந்த கண்கள். கன்னத்தின் உட்புறம் சிறு வெண்புள்ளிகள் தோன்றலாம். காப்லிக் என்ற மருத்துவர் 1896-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அவற்றை அழைக்கிறார்கள். ஏறக்குறைய 14-ஆம் நாள் காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தொடங்கி உடல் முழுதும் தடிப்பு இறங்குகிறது. தடிப்பைப் போடுவது வைரஸ் அன்று. வைரஸ் புகுந்த தோல் செல்களை உடலின் எதிர்ப்புப் படை தாக்குவதால் எழுவதே அந்தச் சிவப்பு.

தடிப்பைக் கண்டதும் 'அம்மை போட்டிருக்கிறது' என்று வாசலில் வேப்பிலை செருகுவது நம் ஊர் வழக்கம். வெளியார் வருவது நிற்கிறது. குழந்தைக்கு ஓய்வு கிடைக்கிறது. தொற்றுள்ளவரைத் தனிமைப்படுத்தும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடுகிறது. தெரிந்த பின்னும் நான்கு நாள் பரவுகிறது. வேப்பிலை ஏறுவதற்குள் குழந்தை பள்ளிக்கும் டியூஷனுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போய் வந்திருக்கும்.

போன இடமெல்லாம் வைரஸும் போயிருக்கும். மூடிய அறையில் நோயாளி இருமிவிட்டுப் போன பிறகும் அது இரண்டு மணி நேரம் வரை காற்றில் மிதக்கும். சேலத்தில் ஏறிய பேருந்து நாமக்கல் போய்ச் சேரும் நேரத்தைவிட அது அதிகம். தடுப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். யாருக்குமே தடுப்பாற்றல் இல்லாத ஊரில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். இதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பேர் பாதுகாப்புடன் இருக்க வேண்டும். 40 பேர் படிக்கும் வகுப்பில் இருவருக்கு மேல் விடுபடக் கூடாது.

'வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தட்டம்மைக்கு எதிராக அது வரும். மற்றவற்றில் கைவைத்துவிட்டுப் போகும். முன்பு வந்த நோய்களை நினைவில் வைத்திருக்கும் 'நினைவுச் செல்களை' இந்த வைரஸ் தேடி அழிக்கிறது. மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டைக் கொளுத்தியது போல, யார் யாரிடம் என்ன பாக்கி என்பதே உடலுக்கு மறந்துவிடும். தடுப்பூசி போடாத 77 நெதர்லாந்துக் குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பிற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. அதன் பிறகு நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் எளிதாகப் புகுகின்றன.

இதற்கான தடுப்பூசியின் கதையில் கோழி முட்டைக்கும் பங்குண்டு. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருகே டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனுக்குத் தட்டம்மை வந்தது. அவன் ரத்தத்திலிருந்து ஜான் எண்டர்ஸ் குழுவினர் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மனிதச் சிறுநீரகச் செல்களில் 24 முறை, பனிக்குடச் செல்களில் 28 முறை, பிறகு கோழி முட்டைக் கருவில் எனத் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். புது இடங்களில் வாழப் பழகிய வைரஸ், குழந்தையை நோயில் தள்ளும் பலத்தை இழந்தது. 1963-இல் தடுப்பூசி அனுமதி பெற்றது. குரோவேசியாவின் சாகிரெப் நகரில் மேலும் பழக்கப்பட்ட அதன் வழித்தோன்றலைத்தான் புனேயில் இன்று பெருமளவில் தயாரிக்கிறார்கள். வைரஸின் மேற்பரப்புப் புரதம் தன் உருவை அதிகம் மாற்ற முடியாதது. எனவே அந்த மாணவனிடமிருந்து பிறந்த ஊசி இன்றைய தட்டம்மையையும் தடுக்கிறது.

இந்த ஊசியின் முதல் தவணையை ஏன் ஒன்பதாம் மாதம் போடுகிறார்கள்? தாய் கருவிலேயே கொடுத்தனுப்பும் எதிர்ப்புப் புரதங்கள் பல மாதங்கள் குழந்தையிடம் இருக்கும். ஒன்பது மாதத்துக்கு முன் போட்டால், அவை ஊசியில் உள்ள வைரஸையும் அழித்துவிடக்கூடும். ஒன்பது மாதம் முடிந்து போடும்போது நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். மீதிப் பேருக்கு இன்னொரு வாய்ப்புத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை. இரண்டும் முடிந்தால் சுமார் 97 பேர் பாதுகாப்பில். ஒரு தவணையோடு நிறுத்தினால், தன் குழந்தை எந்தப் பக்கம் என்று பெற்றோருக்குத் தெரியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தத் தடுப்பூசிக் குப்பியைக் கேட்டுப் பாருங்கள். ஒளி பட்டால் கெடும் என்பதால் பழுப்பு நிறக் கண்ணாடி. உள்ளே உலர்ந்த பொடி. 2 முதல் 8 டிகிரி குளிரில் காத்து வைத்து, உரிய கரைப்பானில் கலந்து, நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்துவார்கள், மிஞ்சியதைக் கழித்துவிடுவார்கள். குப்பியில் ஒரு வட்டமும் உள்ளே ஒரு சதுரமும் இருக்கும். வெப்பம் பட்டால் சதுரம் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு எந்தத் தாயும் இதைப் பார்க்கலாம்.

ஊசி போட்ட 7 முதல் 12 நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோ லேசான தடிப்போ வரும். பலவீனமான வைரஸ் உள்ளே பெருக அவ்வளவு நாளாகிறது; தானே அடங்கிவிடும். சாதாரணச் சளி இருந்தாலும், முட்டை ஒவ்வாமை இருந்தாலும் இந்த ஊசி போடலாம். எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை.

2017 பிப்ரவரியில் தமிழகம் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மையோடு ரூபெல்லா என்ற நோயையும் தடுக்கும் ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. பல பெற்றோர் தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று கேட்பது பெற்றோரின் உரிமை, பதிலும் இருக்கிறது. ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சுக்கு விதை போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு அப்படியொரு தொடர்பு இல்லை என்று காட்டியது.

ஊசி போடாதவர் நோயாளியோடு பழக நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் போடும் ஊசிகூட நோயைத் தடுக்கலாம். நோய் வந்துவிட்டால், வயதுக்கேற்ற அளவில் அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ தருவார்கள்; கண்ணையும் உயிரையும் காப்பது அது. பத்தியம் என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

இன்றே தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் மாதம் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று என இரண்டு பதிவுகள் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் ஐந்து வயது வரை அரசு நிலையங்களில் இலவசமாகப் போடலாம். தடுப்பூசி போடும் நாளான வருகிற புதன்கிழமையே குழந்தையைக் கூட்டிப் போங்கள்.