ஒட்டுவதா, பூட்டுவதா?

மூடியுள்ள பேனா ஒன்றைக் கையில் எடுங்கள். மூடியை அழுத்தி மாட்டுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அங்கே பசை இல்லை, திருகாணியும் இல்லை. ஆயினும் மூடி கழன்று விழுவதில்லை. ஏன்?

பேனாவின் உடலில் மெல்லிய மேடு ஒன்று இருக்கிறது. அழுத்தும்போது மூடி சற்றே விரிந்து அந்த மேட்டைத் தாண்டுகிறது. தாண்டியதும் பழைய நிலைக்குச் சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கின் வளையும் குணமே இங்கே பூட்டு. வேண்டும்போது கழற்றலாம், மீண்டும் மாட்டலாம்.

பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சினுள் அழுத்திச் செலுத்திப் பொருள்களை வார்க்கிறார்கள். எல்லாப் பக்கமும் மூடிய பெட்டியை ஒரே துண்டாக வார்த்தால், உள்ளே கருவிகளை எப்படி வைப்பது? ஆகவே, பகுதி பகுதியாக வார்த்துப் பிறகு இணைக்கிறார்கள்.

வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். பி.வி.சி. குழாய்களை இணைக்கத் தடவும் திரவம் வெறும் பசை அன்று. அதிலுள்ள கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்குகிறது. இரு பக்கத்து நீண்ட மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால், இந்த வித்தை பாலிபுரோப்பிலீன் வாளியிடம் பலிக்காது. அந்தக் கரைப்பான் அதை இளக்காது. சாதாரணப் பசையும் தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாமல் நிற்கும். அதை வெப்பத்தால் உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

வெப்பத்தை இணைப்பில் மட்டும் உண்டாக்க முடியுமா? முடியும். கைப்பேசி சார்ஜர்கள் பலவற்றில் திருகாணியே இருக்காது. அவற்றின் ஒரு பாதியின் விளிம்பில் கூரான வரம்பு ஒன்றை வார்த்திருப்பார்கள். மறுபாதியை அதன்மேல் வைத்து, உலோகக் கருவி ஒன்றால் அழுத்தி, நொடிக்கு ஏறத்தாழ 20,000 தடவை அதிரச் செய்வார்கள். இந்தக் கேளா ஒலி அதிர்வால் வரம்பு மட்டும் சூடேறி உருகும். ஓரிரு நொடிகளில் வேலை முடிந்துவிடும்!

1907இல் லியோ பேக்லண்ட் கண்ட பேக்லைட்டோ வேறு வகை. ஒருமுறை இறுகினால் பிறகு சூட்டில் இளகாது. எனவே உருக்கி இணைக்க வழியில்லை. குக்கரின் பேக்லைட் கைப்பிடியைத் திருகாணியால் பொருத்தியிருப்பதைக் கவனியுங்கள்.

சரி, எந்த முறை சிறந்தது? அதைத் திறக்க வேண்டியவர் யார் என்று கேளுங்கள். சார்ஜருக்குள் 230 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அது எளிதில் திறவாதிருப்பதே நமக்குப் பாதுகாப்பு. அதை ஒருபோதும் உடைத்துப் பார்க்காதீர்கள். ஆனால், பேட்டரி தளர்ந்ததற்காக ஒரு கருவி முழுவதையும் குப்பையில் எறிய நேர்ந்தால், அந்த இணைப்பு நமக்கு நட்டமே. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கும் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். சில விலக்குகள் மட்டும் உண்டு.

இன்று உங்கள் வீட்டிலுள்ள ஐந்து பிளாஸ்டிக் பொருள்களின் இணைப்புகளைக் கண்டுபிடியுங்கள். அவற்றுள் எத்தனையைப் பழுது பார்க்கலாம்? எண்ணிப் பாருங்கள்!