தண்ணீர் ஊற்றலாமா? பலகையைப் படியுங்கள்!

மாணவர்களே, நெடுஞ்சாலையில் பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லோரியின் பின்புறம் ஓர் ஆரஞ்சு நிறப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மேல் வரியில் '3ஒய்இ', கீழ் வரியில் '1203', பக்கத்தில் தீச்சுடர் வரைந்த சிவப்புச் சாய்சதுரம் இருக்கும்.

சாய்சதுரம், 'எளிதில் தீப்பற்றும் திரவம்' என்று எச்சரிக்கிறது. 1203 என்பது பெட்ரோலுக்குரிய ஐ.நா. எண். குளோரினுக்கு 1017. எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த எண்கள் மாறுவதில்லை.

'3ஒய்இ' என்பது தீயணைப்பு வீரர்களுக்கான கட்டளை.

3 – நுரையைப் பயன்படுத்து.
ஒய் – சுவாசக் கருவி அணி. சிந்தியதை வடிகாலில் கலக்க விடாதே.
இ – சுற்றுவட்டார மக்களை வெளியேற்ற வேண்டுமா என்று முடிவு செய்.

ஏன் நுரை? பெட்ரோல் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. தண்ணீரைப் பீய்ச்சினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து, எரிந்தபடியே வடிகால் வழியாக வீடுகள்வரை ஓடிவிடும். நுரையோ போர்வைபோல் மூடிக்கொண்டு ஆக்சிஜனைத் தடுக்கும். ஆவி எழுவதையும் அடக்கும்.

இத்தகைய லோரி விபத்துக்குள்ளானால், படம் எடுக்க அருகில் போகாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். அது தீப்பற்ற ஒரு சிறு பொறி போதும். லோரியிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசாத பக்கமாக விலகிச் செல்லுங்கள். பிறகு 999ஐ அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். தூரத்திலிருந்தே பலகை தெரிந்தால் அந்த நான்கு இலக்க எண்ணையும் சொல்லுங்கள். வீரர்கள் புறப்படும்போதே, எடுத்துச் செல்ல வேண்டியது நுரையா தண்ணீரா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.