திரையில் ஊரும் புள்ளிகள்

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள ஜெய்கட் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்களில் வந்து சேரும் நிலக்கரியும் இரும்புத் தாதும் அங்கே சின்னக் கப்பல்களுக்கு மாறுகின்றன. இவை கரையையொட்டியே வடக்கே சென்று, அம்பா ஆற்றின் கழியில் உள்ள தரம்தரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. ஆழம் குறைந்த அந்தக் கழிக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. பயணிகளும் இல்லை, பகட்டும் இல்லை என்பதால் இந்தக் கப்பல்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்ப்பது கம்ப்யூட்டர் திரை மட்டுமே. கப்பலில் உள்ள 'ஏ.ஐ.எஸ்.' என்ற தானியங்கி அடையாளக் கருவி பெயர், 9 இலக்க எண் (இந்தியக் கப்பலென்றால் 419இல் தொடங்கும்), இருக்குமிடம், வேகம், திசை எல்லாவற்றையும் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகிறது. ஓடும்போது 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை. நங்கூரமிட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. இதைக் கேட்பதற்காக 2012இல் தொடங்கப்பட்ட தேசிய அமைப்பில் 74 கலங்கரை விளக்கங்கள் இணைக்கப்பட்டன.

சிக்கல் என்னவென்றால், கப்பல் சொன்னால்தான் கரைக்குத் தெரியும். போகுமிடத்தையும் நீரில் அமிழ்ந்துள்ள ஆழத்தையும் மாலுமிகளே கையால் பதிய வேண்டும். மாற்ற மறந்தால், தரம்தரில் காலியான கப்பல் திரையில் மட்டும் பாரத்தோடு திரும்பும். கருவி அணைந்துவிட்டாலோ, புள்ளியே மறைந்துவிடும்.

அதன் விளைவை மும்பை 2011இலேயே பார்த்தது. ஓமன் அருகே பழுதான 'பவித்' என்ற சிறிய எண்ணெய்க் கப்பலிலிருந்து 13 இந்திய மாலுமிகளையும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீட்டது. ஆளில்லாத கப்பல் சுமார் ஒரு மாதம் அரபிக் கடலில் மிதந்து, ஜூலை 31 அன்று ஜூஹு கரையில் வந்து ஒதுங்கியது. நவம்பர் 2008 தாக்குதலுக்குப் பிறகு பலப்படுத்தப்பட்ட கடலோரக் காவல் அதைக் கவனிக்கவே இல்லை.

இடம் தெரிந்தாலும் போதாது. 2024 ஜூலையில், தரம்தர்-ஜெய்கட் வழியில் ஓடும் சரக்குக் கப்பல் ஒன்று அலிபாக் அருகே கொந்தளிப்பில் சிக்கியது. 14 மாலுமிகளைக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர்தான் தூக்கி மீட்டது.

நகரும் புள்ளி கப்பல் எங்கே என்று சொல்கிறது. நின்றுபோன புள்ளியும் ஒரு செய்திதான். அதைக் கவனித்து உடனே புறப்பட ஆள் இருக்கிறார்களா என்பதில்தான் மாலுமிகளின் உயிர் இருக்கிறது.