மேட்டில் செம்மண், பள்ளத்தில் கரிசல்

ஊத்துக்குளியின் கதித்தமலைக்கும் கிழக்கே சென்னிமலைக்கும் இடைப்பட்ட பூமி ஒரே மண் அல்ல. மேட்டில் சரளை கலந்த செம்மண். கிளுவை வேலி சுற்றிய கொறங்காடுகள் எனும் மேய்ச்சல் காடுகள், நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். தண்ணீர் வடிந்து சேரும் தாழ்வில் ஆங்காங்கே கருமண் திட்டுகள். தெற்கே பல்லடம் தாண்டி குடிமங்கலம், உடுமலைப் பக்கம் போனால் அந்தத் திட்டுகளே விரிந்து கரிசல் காடாகிவிடும். சித்திரை வெயிலில் செம்மண் சும்மா காய்ந்து கிடக்கும்; கருமண்ணோ பாளம் பாளமாக வெடிக்கும். ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும் அகலத்துக்கு வாய் திறக்கும் வெடிப்பில் கோலை விட்டால் முழ ஆழத்துக்கும் கீழே போகும்.

அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே வகை நைஸ் பாறை. பெய்வதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடைக்கிற அதே அளவான மழை. பிறகு ஏன் ஒரு மண் வெடிக்கிறது, அடுத்தது வெடிக்கவில்லை?

விடை களிமண்ணின் உள்ளே இருக்கிறது. களித்துகள் என்பது இரண்டு மைக்ரானுக்கும் குறைவான அளவுள்ள படிகம். செம்மண்ணில் முக்கியமாக இருக்கும் கயோலினைட்டில் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. தண்ணீரால் நடுவே புக முடியாது. கரிசலில் ஆட்சி செய்வது மாண்ட்மோரில்லோனைட். பிரான்சின் மாண்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரை 1847-ல் பெற்ற கனிமம் இது. இதன் அடுக்குகள் மடித்து அடுக்கிய பனியன் துணிகளைப் போலத் தளர்வானவை. அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்துவிடுவதால் ஒவ்வொரு அடுக்கிலும் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதைச் சமன்செய்யக் கால்சியம், சோடியம் போன்ற அயனிகள் இடையில் வந்து தங்குகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் நுழைகிறது. காய்ந்த நிலையில் ஒரு நானோமீட்டர் அளவிலுள்ள அடுக்கு இடைவெளி, ஈரத்தில் இரண்டு நானோமீட்டரைத் தொடும். ஒரு கிராம் மாண்ட்மோரில்லோனைட்டின் அடுக்குகளை எல்லாம் பிரித்து விரித்தால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரை பரப்பு வரும். கயோலினைட்டில் அதே ஒரு கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர் வந்தால் அதிகம்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கட்டடப் பொறியாளர்களிடம் ஓர் எளிய முறை இருக்கிறது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மறுநாள் மண் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். மண்ணெண்ணெய் அடுக்குகளுக்குள் புகாது, அதனால் அங்கே மண் வீங்காது. தண்ணீர்க் குழாயில் எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு வீக்கம். கரிசலில் வீடு கட்ட நினைப்பவர் ஜாதகம் பார்க்கும் முன் இதைப் பார்க்கலாம். இந்த மண்ணில் சாதாரண அஸ்திவாரம் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கிச் சுவரைக் கீறிவிடும். ஆழத்தில் குமிழாகப் பருத்த கான்கிரீட் தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது இதற்காகத்தான்.

சரி, ஒரே பாறையிலிருந்து இரண்டு களி எப்படி? சரிவும் வடிகாலும்தான் காரணம். பாறையிலுள்ள பெல்ஸ்பாரும் ஹார்ன்பிளெண்டும் சிதையும்போது சிலிக்கா, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கரைந்து வெளிவருகின்றன. மேட்டில் மழைநீர் அவற்றைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். அதனால் செந்நிறம், கயோலினைட். கழுவி வந்ததெல்லாம் தாழ்வில் தேங்குகிறது, வெளியேற வழியில்லை, வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சிலிக்காவும் மெக்னீசியமும் செறிந்த அந்தச் சூழலில் உருவாவது மாண்ட்மோரில்லோனைட். மீந்த கால்சியம் சுக்கான் கல்லாக அடிமண்ணில் உறைகிறது. ஆக, பள்ளத்துக் கரிசலின் ஒரு பங்கு மேட்டுச் செம்மண் இழந்த சொத்து. கருமை நிறத்தைப் பார்த்து மக்கு நிறைந்த மண் என்று நினைத்துவிடக் கூடாது. கரிசலில் கரிமச் சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். இருக்கும் கொஞ்சம் மக்கு களியோடு இறுகப் பிணைந்து நிறம் காட்டுகிறது.

கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்ளும் என்று பாடப் புத்தகங்கள் எழுதும். மேல்மண்ணின் பொடி வெடிப்புக்குள் விழும். மழையில் அடிமண் வீங்கும்போது இடம் போதாமல் மேலே தள்ளும். இப்படியே புரண்டுகொண்டிருக்கும் என்பது அந்த விளக்கம். புரளும் அடையாளம் உண்மைதான். ஒரு மீட்டர் குழி தோண்டினால், கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து பளபளப்பேறிய சாய்வு முகங்களைப் பார்க்கலாம். ஆனால் ரேடியோ கார்பன் அளவீடுகளில் கரிமத்தின் வயது ஆழம் போகப்போகக் கூடுகிறது. முழுக்கப் புரண்டால் எல்லா ஆழத்திலும் ஒரே வயது காட்டியிருக்கவேண்டும். அந்த உழவு நடக்கிறது, ஆனால் சொல்லப்படும் வேகத்தில் இல்லை.

மேய்ச்சலுக்கு வருவோம். கரிசல் வளமான மண், செம்மண் சரளை ஏழை மண் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் கொங்கு நாட்டார் மேய்ச்சல் காட்டைப் பெரிதும் சரளை மேட்டில் வைத்தது, நல்ல மண்ணை உழவுக்கு ஒதுக்கிய பின் மிஞ்சியதை மாட்டுக்கு விட்டதாலா? பாதி அப்படித்தான் இருக்கும். மறுபாதியில் இயற்பியல் இருக்கிறது.

கோடையில் 20 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரளைச் செம்மண்ணில் அது ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் நனைக்கும். மேல் விரற்கடை காய்ந்தாலும் கீழே ஈரம் தங்கும். இரண்டொரு நாளில் கொழுக்கட்டைப் புல் துளிர்க்கும். அதே மழை காய்ந்த கரிசலில் மேலே சில அங்குலங்களிலேயே முடிந்துபோகும். அதிலும் பெரும்பங்கைக் களி தன் பிடியிலேயே வைத்துக்கொள்ளும். புல்வேரால் அதைப் பிடுங்க முடியாது. மிச்சத்தை வெயில் குடிக்கும். இஸ்ரேலியச் சூழலியலாளர் இம்மானுவேல் நோய்-மேயிர் 1973-ல் வறண்ட நிலங்களைப் பற்றி எழுதியபோது இதை ஒரு விதியாகவே வைத்தார்: ஈர நாட்டில் களிமண்ணில் செடி செழிக்கும், வறண்ட நாட்டில் பருமணலில் செழிக்கும். இரண்டும் இடம் மாறும் எல்லை ஆண்டுக்கு 300 முதல் 500 மில்லிமீட்டர் மழைக்குள் வரும் என்பது அவர் மதிப்பீடு. கொங்கு மண்டலத்தின் சராசரி மழை அந்த எல்லைக்குச் சற்று மேலே. மழை பொய்த்த ஆண்டுகளில் எல்லைக்குள்ளேயே விழுந்துவிடும். காங்கேயம் மாடும், ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பால் தந்த எருமையும் வாழ்ந்தது இப்படிப்பட்ட விளிம்பில்.

ஐப்பசி அடைமழையில் நிலைமை தலைகீழ். வெடிப்பு திறந்திருக்கும்வரை முதல் பெருமழையின் ஒரு பங்கு மேல்மண்ணில் தங்காமல் நேராக ஆழத்துக்குப் பாயும். வயல் ஓட்டை விழுந்து கிடக்கிறது என்று வருத்தப்படத் தேவையில்லை, அடிமண் நனையும் வழியே அதுதான். பின்பு களி வீங்கி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன் பிறகு தண்ணீர் மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. நனைந்த கரிசல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் 150 முதல் 250 மில்லிமீட்டர் வரை பயிருக்கு உதவும் நீரைத் தேக்கிவைக்கும். மழை ஓய்ந்த பிறகும் பருத்தியும் சோளமும் கொண்டைக்கடலையும் பனிக்காலத்தில் விளைவது அந்தச் சேமிப்பில்தான். ஆனால் அந்த நாட்களில் மாட்டை உள்ளே விட்டால் குளம்பு ஒவ்வொரு அடிக்கும் பதிந்து, மண்ணைப் பிசைந்து, நுண்துளைகளை அடைத்துவிடும்; காய்ந்தபின் அது ஓடாகும். வேலிக்கு நட்ட கல்லுக்கால்கூடச் சில பருவங்களில் சாய்ந்துவிடும். மேட்டுக் கொறங்காட்டில் மழை விட்ட மறுநாளே மேய்க்கலாம். வேலி போட்டுச் சிறு சிறு துண்டாகப் பிரித்து, ஒன்றை மேய்த்து மற்றதை ஆறப்போடும் கொங்குப் பழக்கம் இந்த மண்ணுக்கு மிகப் பொருத்தம். இதை மரபின் மகிமை என்று சிலாகிப்பதைவிட நல்ல நில நிர்வாகம் என்று சொல்வதே சரி.

இனி, திருப்பூரைத் தொடாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியும் கிணற்றுப் பாசனக் கம்போடியாப் பருத்தியும்தான் 1888-ல் ஆங்கிலேய வணிகர் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலைக்குப் பிறகு வளர்ந்த கோவை நூற்பாலைகளுக்குத் தீனி. அந்த நூலில் எழுந்தது திருப்பூரின் பனியன் தொழில். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ, இரண்டிலும் சோடியம். அது சாயக்கழிவோடு நொய்யல் ஆற்றில் இறங்கியது. ஊத்துக்குளிக்குத் தென்கிழக்கே 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசன நீருக்குப் பதில் சாயநீரைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விவகாரம் போனது.

சோடியம் கரிசலுக்கு என்ன செய்யும்? கால்சியம் இருக்கும்போது அடுக்குகள் இரண்டு நானோமீட்டரோடு நின்றுவிடும். சோடியம் அந்த இடத்தைப் பிடித்தால் நிற்காது. அடுக்குகள் முற்றாகப் பிரிந்து தனித்தனித் துகளாக நீரில் மிதக்கும், துளைகளை அடைக்கும். களி பிடித்துவைத்திருக்கும் அயனிகளில் சோடியம் 15 சதவீதம் தாண்டினால் சோடிய மண் என்பது பரவலான வரையறை. வீங்கும் களிகள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் 6 சதவீதத்திலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். இதில் ஒரு சூது உண்டு. உப்பு நீர் பாயும்வரை அந்த உப்பின் செறிவே துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும், மண் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். சாயநீர் நின்று, நல்ல மழை பெய்து உப்பு நீர்த்த பிறகுதான் மண் குழைந்து மூடிக்கொள்ளும். செம்மண்ணில் சில மழைகளில் கழுவிப்போகும் உப்பு, மூடிய கரிசலில் போக வழியின்றி நிற்கும்.

மருந்து கால்சியம்தான். கரிசலிலேயே சுக்கான் கல் இருக்கிறதே என்று கேட்கலாம்; அது மிகக் கொஞ்சமே கரையும். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவுக்குக் கரையும். அதை ஆடி, ஆவணியில், வெடிப்பு மூடும் முன்பே இறைத்தால் முதல் மழை அதை அடிமண் வரை கொண்டுபோகும். மேலே மட்டும் தூவி அடைமழைக்குப் பின் உழுதால் பலன் மேல்மண்ணோடு நின்றுவிடும். வெளியேறும் சோடியம் வயலைவிட்டுப் போக வடிகால் வாய்க்காலும் வேண்டும். அது இல்லாத பள்ளத்தில் கொட்டும் ஜிப்சம் வீண் செலவு.