தரகர் வேறு, சரக்கு வேறு

கோடையில் ஒரு நாள் நமது சங்கக் கூட்டம் முடிந்து, டீ வரும் வரை உட்கார்ந்திருந்தபோது பேச்சு வெயிலின் பக்கம் திரும்பியது. பருப்பு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், "பூமி சூடேறுகிறது என்பதெல்லாம் அரசியல்வாதிகள் விருது வாங்குவதற்காகக் கிளப்பிவிட்ட சங்கதி. அமெரிக்காவில் ஒருவர் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து நோபல் பரிசே வாங்கிவிட்டாரே!" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நமக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு விசாரித்து அறிந்ததை வணிகப் பெருமக்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

நண்பர் குறிப்பிட்டவர் ஆல் கோர். 1993 முதல் 2001 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர். 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் தோற்றபின் பூமி சூடேறுவதைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். அந்தப் பேச்சை வைத்து 2006இல் ஒரு படம் வந்து, 2007 பிப்ரவரியில் ஆஸ்கார் விருது பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும், ஐ.நா.வின் பருவநிலை ஆய்வுக் குழுவுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது.

ஆஸ்கார் கிடைத்த மறுநாளே அவருடைய சொந்த மாநிலமான டென்னசியில் ஓர் அமைப்பு அவர் வீட்டு மின்சாரக் கணக்கை வெளியிட்டது. 2006இல் அந்த வீட்டில் செலவானது ஏறக்குறைய 2 லட்சத்து 21 ஆயிரம் யூனிட். சராசரி அமெரிக்கக் குடும்பம் செலவழிப்பதைப்போல் 20 மடங்கு. வீட்டிலேயே அலுவலகமும் நடக்கிறது, காற்றாலை போன்றவற்றின் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம் என்று அவர் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். இருந்தாலும் மற்றவர்களை விளக்கை அணைக்கச் சொல்கிறவர் வீட்டில் இத்தனை யூனிட் என்றால் ஜனங்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்?

இதைவிட முக்கியமானது லண்டனில் நடந்த வழக்கு. மேற்படி படத்தைப் பள்ளிகளுக்கு அனுப்பப் பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தபோது, பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு லாரி ஓட்டுநர் உயர் நீதிமன்றம் சென்றார். நோபல் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு, 2007 அக்டோபர் 10ஆம் தேதி, நீதிபதி பர்ட்டன் தீர்ப்புச் சொன்னார். அறிஞர்களின் பொதுவான கருத்தை விட்டுப் படம் விலகிப் போகும் இடங்கள் என்று ஒன்பதைக் குறித்தார். கடல் மட்டம் 20 அடி உயரும் என்று படம் காட்டுவது உடனே நடக்கப்போகிற விஷயமல்ல, அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றார். பனிக்கரடிகள் மூழ்கிச் செத்தன என்பதற்கு ஆதாரம் தேடினால், புயலில் சிக்கி இறந்த நான்கு கரடிகள்தான் கிடைத்தன. பத்திரிகைகள் இந்த ஒன்பதையும் கொட்டை எழுத்தில் போட்டன. அதே தீர்ப்பில், படத்தின் அடிப்படைச் செய்தி பெருமளவு சரியானதே என்று நீதிபதி சொன்னதையும், ஆசிரியர்களுக்குரிய விளக்கக் குறிப்போடு பள்ளிகளில் காட்டலாம் என்று அனுமதித்ததையும் அவ்வளவு பேர் படிக்கவில்லை.

பரிசில் பங்கு பெற்ற ஐ.நா. குழுவும் சறுக்கியது. 2035க்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்று அதன் 2007 அறிக்கையில் ஒரு வரி இருந்தது. 2009இல் நம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பனியாறுகளைப் பற்றி வேறுவிதமாகச் சொன்னபோது, குழுவின் தலைவராக இருந்த நம் நாட்டவரான பச்சௌரி கடுமையாகச் சாடினார். 2010 ஜனவரியில் அந்த வரி தவறு என்று குழுவே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதற்குச் சற்று முன்பு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் கடிதங்கள் திருடப்பட்டு வெளியாகி, கணக்கில் மோசடி என்று பெரும் கூச்சல் எழுந்தது. விசாரணைகளில் மோசடி நிரூபணமாகவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குக் கணக்கைத் திறந்து காட்டத் தயங்கினார்கள் என்ற குறை சொல்லப்பட்டது. கணக்கை மூடி வைத்தால் சந்தேகம் வரும் என்பது விற்பனை வரி காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்ததுதான்.

இதுவரை நண்பரின் கட்சிதான் பலமாக இருக்கிறது. ஆனால் நமது தொழிலில், தரகர் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு பெருமை பேசினார் என்பதற்காகச் சரக்கை வேண்டாம் என்கிறோமா? குத்தூசியால் மூட்டையைக் குத்தி, மாதிரியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். தரகர் யோக்கியராக இருந்தாலும் குத்திப் பார்க்கிறோம், இல்லாவிட்டாலும் குத்திப் பார்க்கிறோம்.

அப்படிக் குத்திப் பார்த்தவர் ரிச்சர்ட் முல்லர் என்ற கலிபோர்னியா பௌதிகப் பேராசிரியர். சூடேறுவதாகச் சொல்லும் கணக்குகளை நம்பாதவர். வெப்பமானிகள் நகரத்துக்குள் இருப்பதால் சூடு கூடுதலாகத் தெரிகிறதோ, தங்களுக்குச் சாதகமான நிலையங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்களோ என்றெல்லாம் சந்தேகம் எழுப்பினார். 36,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, தம் ஆட்களை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டார். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழில் அதிபரான சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு. 2012இல் விடை வந்தது. 250 ஆண்டுகளில் நிலப்பகுதியின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது, அது முழுவதும் அநேகமாக மனிதர் செயலால்தான் என்றார். எதிர்க்கட்சிக்காரரே தம் தராசில் மறு எடை போட்டு, அதே எடை வந்தால், அதற்குமேல் என்ன முத்திரை வேண்டும்?

காற்றில் உள்ள கரியமில வாயுவின் கணக்கும் அப்படியே. ஹவாய்த் தீவில் ஒரு மலையில் 1958 முதல் அதை அளந்து குறித்து வருகிறார்கள். ஆரம்பத்தில் 10 லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கோர் பரிசு வாங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிய பேரேடு இது. 2024ஆம் ஆண்டுதான் அதுவரை பதிவானவற்றில் மிகச் சூடான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது.

கோதுமை வியாபாரிகளுக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. 2022 மார்ச் மாதம், 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிகச் சூடான மார்ச். வடக்கே மணி பிடிக்கும் சமயத்தில் அனல் அடித்து, விளைச்சல் மதிப்பீட்டைக் குறைத்தார்கள். மே 13ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அந்தக் கோடை வெப்பம் வருவதற்கான வாய்ப்பு, பூமி சூடேறியதால் ஏறக்குறைய 30 மடங்கு கூடியிருந்தது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து கணித்தார்கள்.

விருதுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2018இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உயரிய விருது நம் பிரதமர் மோடிக்கும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனுக்கும் கிடைத்தது. சூரிய மின்சக்திக்காக நாடுகளைக் கூட்டுச் சேர்த்ததோடு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2022க்குள் இந்தியாவில் அறவே ஒழிப்பதாக மோடி தந்த வாக்குறுதியும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2022 ஜூலை 1ஆம் தேதி உறிஞ்சுகுழல், தட்டு, டம்ளர் போன்ற சில பொருட்களுக்கு நாடு முழுதும் தடை வந்தது. பெரிய கம்பெனிகளின் ஷாம்பு சாஷேக்களோ கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே கேரி பேக் உட்பட 14 வகைகளுக்குத் தடை. அதற்காகச் சோதனையும் அபராதமும் சந்தித்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். கட்சி பேதம் பார்த்து இதைச் சொல்லவில்லை. எந்த நாட்டுத் தலைவரானாலும் வாக்குறுதிக்கு விருது முன்பணமாக வந்துவிடுகிறது, செலவுச் சீட்டு பிறகு கல்லாவுக்கு வருகிறது.

இவ்வளவையும் பருப்பு வியாபாரி நண்பரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, சூடேறுவது நிஜம் என்றே ஒப்புக்கொள்கிறேன். கால் கிலோ பருப்பு வாங்க வெறுங்கையோடு வருகிறவருக்குத் துணிப்பை கொடுத்தால், அந்தக் காசை யார் தலையில் எழுதுவது?" என்றார். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.