இடைத்தரகரிடம் போகும் வீட்டுச் சாவி

ஆவடியில் எச்.வி.எஃப். (கனரக வாகனத் தொழிற்சாலை), ஓ.சி.எஃப். (ராணுவ உடைத் தொழிற்சாலை) வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வந்த பணத்தில் மாடியில் இரண்டு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடுவது வழக்கம். மாசாமாசம் வாடகைக்கு யார் நிற்பது என்ற சலிப்பில், "வீட்டை எங்களிடம் விடுங்க சார், அஞ்சாம் தேதி கணக்கில் விழும்" என்று வருபவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அவரோ லீஸ் என்று சொல்லி ஒரு குடும்பத்திடம் ஐந்து லட்சம், எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு அவர்களைக் குடி வைக்கிறார். சில மாதம் அந்தப் பணத்திலிருந்தே வீட்டு உரிமையாளருக்கு வாடகை வரும். அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப்.

ஏமாந்த இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஏமாற்றியவர் அந்த இடத்திலேயே இருக்கமாட்டார்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி (2017இல் இயற்றியது) வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். "பதினோரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதற்கு?" என்பார்கள். அந்தக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. வாடகை அதிகாரியிடம் பதினோரு மாத ஒப்பந்தமும் பதிவாக வேண்டியதுதான். tenancy.tn.gov.in என்ற அரசுத் தளத்தில், ஒப்பந்த நகல், வாடகைத் தொகை, இரு தரப்பின் ஆதார், பான் விவரங்களுடன் விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் அசிரத்தையாக இருந்தால் குடியிருப்பவரே விண்ணப்பிக்கலாம். நேரில் போவதென்றால், ஆவடி திருவள்ளூர் மாவட்டம் என்பதை நினைவில் வையுங்கள். பின்கோடு 600 என்று தொடங்குகிறதே என்று சென்னை கலெக்டர் அலுவலகத்துக்கு அலையாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுபவர் குடியிருக்கப்போகிறவராக இருக்கட்டும். இடையில் ஆள் வேண்டுமென்றால் அவர் பெயர், எதற்காக, எத்தனை நாளைக்கு அதிகாரம் என்பதையும் எழுதிவிடுங்கள். உரிமையாளரான உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகை செல்லாது.

லீஸுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: உரிமையாளரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். வில்லங்கச் சான்று எடுத்து, வங்கிக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆவடி மாநகராட்சி வீட்டு வரி ரசீதிலும் ஈபி கார்டிலும் யார் பெயர் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸும், ஒத்தியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும். பதிவாகாத பத்திரத்தை நம்பி எட்டு லட்சம் கொடுப்பதைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது.

உரிமையாளர்களே, இரண்டு மாத வாடகை நின்றால் பாக்கியைக் கேட்டு நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதத்தில் தரவில்லை என்றால், காலி செய்யச் சொல்லி மனுப் போட வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். வாடகை அதிகாரி வீட்டைக் காலி செய்து தரமாட்டார். அவர் அறையின் முன் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள்.

கோபத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது கூடாது. அது சட்டவிரோதம். குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போனால், இணைப்பை உடனே கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். பாக்கி வாங்கப் போன நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள். மறுபடியும் சொல்கிறேன், ஃபியூஸைத் தொடாதீர்கள்.

மோசடி புகாருக்குக் காவல் நிலையம் போனால் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பல பேரிடம் பணம் வாங்கி மறைவது சிவில் இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா 318இல் வரும் ஏமாற்றுக் குற்றம். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். தொகை பெரிதென்றால் ஆவடி காவல் ஆணையரகத்தின் மத்தியக் குற்றப் பிரிவு இருக்கிறது. உரிமையாளரும் குடியிருப்பவரும் சேர்ந்து போனால் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

ஏற்கெனவே சாவியைக் கொடுத்துவிட்டவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுக் கதவை நீங்களே தட்டுங்கள். யார் இருக்கிறார்கள், யாரிடம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் கையில் இருக்கும் பத்திரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும்தான்.