ஆள் இல்லாமலே தரைப் பயிற்சி: இறால் சொல்லும் பாடம்

ஜூடோ, ஜியு-ஜிட்சு பத்தி பேசினாலே கடலூர், சிதம்பரம் பக்கத்து நண்பர்கள் என்கிட்ட ஒரு கேள்வி கேக்குறாங்க: "கூடப் பயிற்சி பண்ண ஆள் இல்ல. தனியா என்ன பண்றது?" இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன்.

தரைச் சண்டையில பெரிய சிக்கல், நம்மைவிட எடை கூடின ஒருத்தர் மேல ஏறி உட்கார்றது. கையால தள்ளினா அவர் நகரமாட்டார். நாமதான் இடுப்பை நகர்த்தி இடம் உண்டாக்கணும். அந்த அசைவுக்கு ஆங்கிலத்துல ஷ்ரிம்ப், ஜப்பானிய மொழியில எபி. ரெண்டுமே இறால்தான். கடலூர் துறைமுகத்துலயோ பரங்கிப்பேட்டையிலயோ உயிருள்ள இறாலைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஆபத்து வந்தா வாலை வயித்துப் பக்கம் வெடுக்குன்னு மடக்கி, பின்பக்கமா பாயும்.

செய்முறை: மல்லாந்து படுத்து, வலது பாதத்தை இடுப்புக்குப் பக்கத்துல ஊன்றுங்க. தரையை உதைச்சு இடுப்பைத் தூக்கி, இடது தோள்மேல சாய்ஞ்சு, இடுப்பைப் பின்னால தள்ளுங்க. கை ரெண்டும் எதிராளியைத் தள்ளுற மாதிரி கால் பக்கம் நீளணும். அப்புறம் மறுபக்கம். இடுப்பைத் தூக்காம இழுத்தா பலன் இல்ல.

ரெண்டாவது, பிரிட்ஜ். ரெண்டு பாதத்தையும் ஊன்றி இடுப்பை உயர்த்தி, ஒரு தோள் பக்கமா திரும்பணும். எடை தோள்மேல இருக்கணும், கழுத்துமேல வேண்டாம். மல்யுத்த வீரர்கள் செய்யுற கழுத்துப் பாலத்தைப் பயிற்சியாளர் இல்லாம தொடவே தொடாதீங்க.

மூணாவது, எழுந்திருக்கிறது. உட்கார்ந்து இடது காலை மடக்கி ஊன்றி, வலது கையைப் பின்னால ஊன்றுங்க. இடது கை முகத்துக்குக் காவல். இடுப்பைத் தூக்கி, வலது காலை அடியில பின்னால இழுத்து நில்லுங்க.

எங்க பண்றது? மொட்டைமாடி சிமெண்ட் வேண்டாம். சில்வர் பீச்ல ஈரமா இறுகின மணல் நல்லது. உதிரி மணல்ல பாதம் புதையும், உதைக்க பிடிப்பு இருக்காது. ஹாஸ்டல் அறைன்னா ஜமுக்காளத்தை மடிச்சு விரிங்க.

ஒவ்வொரு பக்கமும் பத்து தடவை, மெதுவா. தனிப் பயிற்சி உடம்புக்கு வழியைப் பழக்கும். ஆனா எதிராளி எடையை மாத்துற அந்த ஒரு நொடியை ஆள் இருந்தாதான் கத்துக்க முடியும். அதனால வாரம் ஒரு நாளாவது ஒரு நண்பரைக் கூட்டிட்டு வாங்க.